பத்தாங் பெர்ஜுந்தையில் ஓர் எருக்களம்: வாயுவைக் குறைத்த ஒன்பது மாதம்

மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்தில் இருக்கும் இந்த ஊரின் பெயர் 2007-இல் பெஸ்தாரி ஜெயா என்று மாறிவிட்டது. எங்கள் ஆட்கள் யாரும் அப்படிச் சொல்வதில்லை. பேருந்து நிறுத்தத்திலும் கோயில் திருவிழா நோட்டீசிலும் அது இன்னும் பத்தாங் பெர்ஜுந்தைதான். ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, தோட்டத் தொழிலாளர்களின் லயத்து வீடுகள் போய்த் தாமான் எனப்படும் புதுக் குடியிருப்பு வீடுகள் வந்தன. இந்தக் கதையில் வரும் சண்டைக்கும் அந்தத் தாமான் வீடுகள்தான் தொடக்கம்.

என் தாய்மாமா தோட்டத்தில் மண்டோராக, அதாவது வேலையாட்களை மேய்க்கும் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஊருக்கு வெளியே இரண்டு ஏக்கர் நிலம், 22 மாடு, பழைய டிராக்டர் ஒன்று. மாடுகள் பகலில் செம்பனை நிழலில் மேயும், இரவில் கொட்டகைக்குத் திரும்பும். கொட்டகைச் சாணத்தோடு செம்பனை எண்ணெய் ஆலையிலிருந்து வரும் வெறுங்குலையையும் (பழம் உதிர்த்தபின் மிஞ்சும் குலை) கோழி எருவையும் கலந்து மக்க வைத்து, 10 கிலோ பையாக விற்கிறார். வீட்டுத் தோட்டக்காரர்களும் இரண்டு மூன்று நாற்றுப் பண்ணைகளும் வாடிக்கை.

போன பிப்ரவரியில் அவருக்கு ஒரு கடிதம் வந்தது. நாற்றம், ஈ என்று தாமான்காரர்கள் எழுதிக் கொடுத்த புகார். மாமா என்னைக் கூப்பிட்டார்: "மாப்ளே, நீதான் லேப்ல வேலை பாக்கறியே, வந்து ஒரு தடவ பாத்துட்டுப் போ. சாணி நாறாம பின்ன மல்லியப்பூவா மணக்கும்?"

நான் மண்ணும் நீரும் பரிசோதிக்கும் கூடத்தில் வேலை செய்பவன். போனது நாற்றத்துக்காகத்தான். எருமேடு விடும், பூமியைச் சூடாக்கும் வாயுக்களின் கணக்கைப் போட்டுப் பார்த்தது என் சொந்த ஆசை. ஆனால் இரண்டும் ஒரே கணக்கு என்று சீக்கிரமே தெரிந்துபோனது.

மூக்குக்குத் தெரியாத இரண்டு வாயு

எருமேட்டிலிருந்து அதிகமாகப் போவது கரியமில வாயு. அது செடி காற்றிலிருந்து எடுத்ததுதான், திரும்பக் காற்றுக்கே போகிறது என்பதால் யாரும் அதைக் கணக்கில் சேர்ப்பதில்லை. தொல்லை மற்ற இரண்டில். காற்று எட்டாத ஈர இடத்தில் பிறக்கும் மீத்தேன், நூறு ஆண்டுக் கணக்கில் எடைக்கு எடை கரியமில வாயுவைவிட சுமார் 27 மடங்கு சூட்டைப் பிடித்து வைக்கும். தழைச்சத்து, அதாவது நைட்ரஜன், உருமாறும்போது கசியும் நைட்ரஸ் ஆக்சைடு 273 மடங்கு. இரண்டுக்கும் மூக்குக்குத் தெரிகிற மாதிரி வாசம் கிடையாது. ஆனால் மீத்தேன் பிறக்கும் இடத்தில் அழுகிய முட்டை நாற்றமும் சேர்ந்து பிறக்கும். நைட்ரஸ் ஆக்சைடுக்குத் தீனியாகும் தழைச்சத்து மிஞ்சிக் கிடக்கும் மேட்டில் அம்மோனியா கண்ணைக் கரிக்கும். அதனால் மூக்கை ஒரு முரட்டு அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம்.

காலநிலைக்கான பன்னாட்டுக் குழு 2006-இல் நாடுகளுக்குத் தந்த கணக்கு வழிகாட்டியில் எருவாக்கத்துக்கு ஒரு பொது அளவு இருக்கிறது. ஒரு கிலோ ஈரக் கழிவுக்கு 4 கிராம் மீத்தேன், 0.24 கிராம் நைட்ரஸ் ஆக்சைடு. அந்த 27-ஐயும் 273-ஐயும் போட்டுப் பெருக்கினால் ஒரு டன்னுக்கு ஏறத்தாழ 174 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம். மாமா மாதம் 12 டன் கலவை போடுகிறார், வருடத்துக்கு 144 டன். ஆக 25 டன். அவருக்குப் புரிகிற மாதிரி சொன்னேன்: ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் 2.3 கிலோ. அப்படியானால் உங்கள் களம் வருடத்துக்குப் பத்தாயிரத்துச் சொச்சம் லிட்டர் பெட்ரோலுக்குச் சமம், ஒரு மைவி காரை லிட்டருக்கு 15 கிலோமீட்டர் என்று ஓட்டினால் பூமியை நாலு சுற்றுச் சுற்றலாம். மாமா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "மாட்டுச் சாணிக்கா?" என்றார்.

என்னை யோசிக்க வைத்தது அந்தச் சராசரி இல்லை. அதே வழிகாட்டியில் மீத்தேனுக்குக் கொடுத்திருக்கும் வீச்சு: ஈர எடையில் கிலோவுக்கு 0.03 கிராமிலிருந்து 8 கிராம் வரை. இருநூற்றைம்பது மடங்குக்கு மேல் வித்தியாசம். ஒரே குப்பை, ஒரே வேலை. எப்படிக் குவிக்கிறோம் என்பதிலேயே இத்தனை தூரம் போய்விடுகிறது.

வெட்டிப் பார்த்தபோது

அன்று களத்தில் மூன்று மேடு இருந்தது. ஒவ்வொன்றும் இரண்டு மீட்டருக்குக் குறையாத உயரம், அடியில் நாலு மீட்டர் அகலம். நடு மேட்டை டிராக்டர் வாளியால் பிளக்கச் சொன்னேன். மேல்தோல் ஒரு சாண் அளவுக்குக் காய்ந்து பழுப்பாக இருந்தது. அதற்குக் கீழே ஆவி பறந்தது, நல்ல சூடு. இன்னும் உள்ளே போனால் கன்னங்கரேலென்று, பிசுபிசுவென்று, சேற்றைப் பிளந்த மாதிரி. 60 சென்டிமீட்டர் கம்பி வைத்த வெப்பமானி முகட்டில் 63 டிகிரி காட்டியது, நடு வயிற்றில் 41. சூடு குறைந்திருந்ததால் அது ஆறி முதிர்ந்துவிட்டது என்றுதான் மாமா நினைத்திருந்தார். உண்மையில் மூச்சு முட்டிப்போய்க் கிடந்தது.

மண்டோர் என்பதால் அவருக்கு வேலைமுறை வேண்டும். யாரோ ஒரு பயிற்சியில் "புரட்டப் புரட்ட நல்லது" என்று சொல்லியிருக்கிறார்கள், இவரும் மூன்று நாளைக்கு ஒரு தடவை புரட்டிக்கொண்டிருந்தார். புரட்டிய அன்று மட்டும் மேட்டுக்குக் காற்று கிடைக்கும். அந்த அளவு ஈரத்தில் உயிர்வாயு சில மணி நேரத்தில் தீர்ந்துவிடும். நடுவில் சேர்ந்திருந்த மீத்தேன் புரட்டும்போது ஒரே மூச்சில் வெளியே போகும், கூடவே அம்மோனியாவும். தாமான்காரர்கள் புகாரில் எழுதியிருந்த நாள்களையும் மாமா புரட்டிய நாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். நல்லாவே பொருந்தின.

கலவையும் கோணல். மூன்று டன் வெறுங்குலை, ஆறு டன் சாணம், மூன்று டன் கோழி எரு. "கோழிச் சாணி போட்டாத்தான் சூடு ஏறும்" என்பது அவர் சித்தாந்தம். பாதி உண்மைதான். வெறுங்குலையில் கார்பனும் நைட்ரஜனும் ஏறக்குறைய 50-க்கு 1, மாட்டுச் சாணத்தில் 20-க்கு 1, கோழி எருவில் 10-க்கு 1. மாமாவின் கலவையைக் கணக்குப் போட்டால் 17-க்கு 1 வந்தது. நுண்ணுயிர் நன்றாக வேலை செய்ய 25 முதல் 30 வேண்டும். அதற்குக் கீழே போனால் மிஞ்சும் தழைச்சத்தைப் பிடித்து வைக்க ஆள் இல்லாமல் அது அம்மோனியாவாகப் போகும், கொஞ்சம் நைட்ரஸ் ஆக்சைடாகவும். காசு கொடுத்து வாங்கிய கோழி எரு, பாதிச் சத்தைக் காற்றில் விட்டுவிட்டுப் பைக்குள் போய்க்கொண்டிருந்தது. மாமாவின் மனத்தை மாற்றியது இந்த ஒன்றுதான், பூமியை நாலு சுற்று இல்லை.

மூன்றாவதாகச் சாணக்குழி. கொட்டகைச் சாணத்தைத் தினமும் குழியில் தள்ளி, வாரம் முடிந்ததும் மேட்டுக்குக் கொண்டுபோவார்கள். மூடாத குழி, மழை விழும், மேலே ஆடை கட்டி அடியில் குமிழி விடும். மேட்டைவிட அதுதான் பெரிய குற்றவாளியோ என்று எனக்கு இன்றும் ஒரு சந்தேகம். இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: எருவாக்குவது எப்போதுமே வாயுவைக் குறைக்கும் என்று நம்பிவிடக் கூடாது. மேய்ச்சலில் விழும் சாணி வெயிலில் காய்ந்து, வண்டு தின்று போகும். அதில் மீத்தேன் மிகக் குறைவு. வெறுங்குலையைச் செம்பனை மரத்தைச் சுற்றி ஒற்றை அடுக்காகப் பரப்பினாலும் அதேதான். எல்லாவற்றையும் ஓரிடத்தில் குவித்துக் காற்றை அடைப்பது நாம்தான். குவிக்கிறோம் என்றால் ஒழுங்காகக் குவிக்க வேண்டும்.

மாற்றிய முறை, கெடுத்த தார்ப்பாய்

குழியை மூடினோம். சாணம் அன்றன்றே மேட்டுக்குப் போக வேண்டும் என்று விதி. அத்தைக்கு அது கூடுதல் வேலை, முதல் மாதம் முழுக்க என்மேல் கோபமாக இருந்தார்.

கோழி எருவை 600 கிலோவாகக் குறைத்து, வெறுங்குலையை இரண்டு லோரி, ஆறு டன்னாக ஏற்றினோம். இப்போது விகிதம் 29 வருகிறது. ஆலையில் ஒரு டன் பழக்குலை உள்ளே போனால் 220 கிலோ போல வெறுங்குலை வெளியே வரும், அதனால் சரக்குக்குப் பஞ்சமில்லை. ஆனால் ஆவியில் வெந்து வருவதால் நீர் மட்டுமே அறுபது விழுக்காடு. இரண்டு நாள் வெயிலில் உலர்த்திவிட்டுத்தான் கலந்தோம். ஆலைக் கழிவுநீரையும் சும்மாவே தருகிறோம், தெளித்துக்கொள் என்று ஒரு லோரிக்காரர் வந்தார். பெரிய களங்களில் அதை வெறுங்குலையோடு சேர்த்து மக்க வைக்கிறார்கள், குளத்தில் தேங்கி மீத்தேன் விடுவதற்கு அது மேல்தான். கூரையும் வடிகாலும் இல்லாத எங்கள் களத்துக்கு அது ஆகாது என்று அனுப்பிவிட்டோம்.

அடுத்து வடிவம். முழு வெறுங்குலைகளை ஓர் அடி உயரத்துக்கு அடியில் மெத்தை மாதிரி பரப்பி, அதன்மேல் கலவையை ஒன்றரை மீட்டருக்கு மேல் போகாமல் ஏற்றினோம், அகலம் இரண்டரை மீட்டர். மேடு சூடாகும்போது சூட்டுக்காற்று மேலே போகும், அந்த இடத்துக்கு அடி மெத்தை வழியாகக் குளிர்ந்த காற்று தானாக உள்ளே வரும். அடுப்பில் விறகுக்கு அடியில் காற்று போக இடம் விடுவது போல. மின்விசிறி வேண்டாம், குழாய் வேண்டாம். நாலாம் நாள் நடு வயிற்றில் 64 டிகிரி. மாமா கம்பியைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கையை உதறினார்.

இத்தோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று இருந்தேன். ஏப்ரல் வந்தது.

மேற்குக்கரையின் உட்பகுதியில் ஆண்டுக்கு இரண்டு மழை உச்சம்: ஏப்ரல், மே ஒன்று, அக்டோபர், நவம்பர் இன்னொன்று. மூன்று மணிக்குக் கறுத்துக்கொண்டு வந்து நாலு மணிக்குக் கொட்டித் தீர்க்கும். இரண்டே நாளில் மேட்டின் அடியில் காப்பி நிறத்தில் தண்ணீர் தேங்கியது. சாம்பல்சத்து அதில்தான் கரைந்து போகும். அந்தச் சத்துக்கு மலேசியா வெளிநாட்டை நம்பியிருக்கிறது, பொட்டாஷ் உரம் அத்தனையும் இறக்குமதி. நான் ஹார்ட்வேர் கடையில் நீலத் தார்ப்பாய் வாங்கி, மேட்டை இறுக்கிப் போர்த்தி, ஓரமெல்லாம் கல் வைக்கச் சொல்லிவிட்டுப் போய்விட்டேன்.

அடுத்த சனிக்கிழமை போனபோது களத்துக்குள் நுழையும் முன்பே தெரிந்துவிட்டது. தார்ப்பாயைத் தூக்கினால் முகத்தில் அறைந்த மாதிரி நாற்றம். உள்ளே வியர்த்து, சொட்டி, பழைய சேறு திரும்பி வந்திருந்தது. அடியில் காற்று வர வழி செய்துவிட்டு மேலே போக வழியை அடைத்திருக்கிறேன். புகைபோக்கியில் துணியைத் திணித்த மாதிரி. மாமா ஒன்றும் சொல்லவில்லை. அத்தைதான் பசியாற உட்கார்ந்தபோது, "லேப்ல படிச்சவங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார். தோசையை மென்று விழுங்கிக்கொண்டேன்.

பிறகு செய்தது இது. பழைய இரும்புக் குழாய்களை வளைத்து மேட்டுக்கு மேல் ஒரு அடி இடைவெளி விட்டுத் தார்ப்பாயைக் கட்டினோம், இரண்டு முனையும் திறந்தபடி. மேட்டின்மேல் நேராகப் படுவது சலித்ததில் மிஞ்சிய பழைய எரு, அரை அடி கனத்துக்கு. இந்தப் போர்வைதான் இந்த முறையில் எனக்குப் பிடித்த பகுதி. முற்றிய எருவில் மீத்தேனையே தின்று வாழும் நுண்ணுயிர்கள் இருக்கின்றன. கீழிருந்து தப்பி வருகிற வாயுவில் ஒரு பங்கை அவை வழியிலேயே முடித்துவிடும். அம்மோனியாவும் அந்த ஈரப் போர்வையில் ஒட்டிக்கொள்ளும். செலவு ஒரு காசு கிடையாது, சல்லடையில் மிஞ்சியது எப்படியும் மூலையில்தான் கிடந்தது. தரையைக் கொஞ்சம் சரித்து, வடிநீரை ஒரு பீப்பாயில் பிடித்து, முதல் இரண்டு வாரத்துக்குள் மேட்டிலேயே திருப்பித் தெளிக்கிறோம்.

கரித்தூள் சேர்த்தால் மீத்தேன், நைட்ரஸ் ஆக்சைடு, அம்மோனியா மூன்றுமே குறையும் என்று படித்துவிட்டு ஒரு மேட்டில் மட்டும் இருபதில் ஒரு பங்கு சேர்த்துப் பார்த்தோம். காலை நேரத்து அம்மோனியா எரிச்சல் குறைந்தது உண்மை. ஆனால் கரியை விலைக்கு வாங்கினால் எருப்பையின் விலை ஏறிவிடும், நாமே குழி வெட்டிப் புகையப் புகையச் சுட்டால் அந்தப் புகையிலேயே மீத்தேன் போகும். சும்மா கிடைத்தால் போடலாம். அவ்வளவுதான்.

எப்போது புரட்டுவது, எப்போது விடுவது

புரட்டலைப் பத்திலிருந்து ஐந்தாகக் குறைத்தோம்: முதல் மூன்று வாரம் வாரத்துக்கு ஒன்று, பிறகு பத்து நாள் இடைவெளியில் இரண்டு. நாற்பதாம் நாளுக்குப் பிறகு கையே வைப்பதில்லை. காரணம் நைட்ரஸ் ஆக்சைடு. மேடு 40 டிகிரிக்கு மேல் இருக்கும்வரை அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றும் நுண்ணுயிர்களால் தலைதூக்க முடியாது. ஆறத் தொடங்கியதும் வெளித்தோலில் நைட்ரேட் சேரும். அந்த நேரத்தில் புரட்டினால், நைட்ரேட் சேர்ந்த தோல் காற்றில்லாத ஈர நடுப்பகுதிக்குள் போகும். அங்குள்ள நுண்ணுயிர்கள் உயிர்வாயுவுக்குப் பதிலாக நைட்ரேட்டை எடுத்துக்கொண்டு நைட்ரஸ் ஆக்சைடை வெளியே தள்ளும். ஆகவே சூட்டில் புரட்டு, ஆறியபின் விடு.

டீசல் மிச்சமானதை மாமா பெரிய சாதனையாக எல்லோரிடமும் சொல்கிறார். ஒரு தடவை புரட்ட நாலு லிட்டர், ஐந்து தடவை குறைந்தால் இருபது லிட்டர், ஐம்பத்து நாலு கிலோ கரியமில வாயு. அந்த மேட்டின் பொதுக்கணக்கோ இரண்டு டன்னுக்கு மேல். பணப்பைக்கு டீசல் தெரிகிறது, வாயு தெரிவதில்லை.

"ஆறியபின் விடு" என்ற விதிக்கு ஆகஸ்டில் எதிரி வந்தது. பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஒரு அதிகாரி மோட்டாரில் வந்து, முற்றவைத்திருந்த மேட்டைக் காலால் கிளறினார். வெள்ளை வெளேரென்று கட்டைவிரல் பருமனில் புழுக்கள். காண்டாமிருக வண்டு. வெறுங்குலைக் குவியலில் முட்டையிட்டு வளர்ந்து, பறந்து போய் இளஞ்செம்பனையின் குருத்தைத் துளைக்கும். "இது இருந்தா உங்க களத்தப் பத்தி மேலே சொல்ல வேண்டியிருக்கும் அண்ணே" என்று மரியாதையாகத்தான் சொன்னார். அவர் கவலையும் நியாயம்தான். மறுநடவு செய்த பக்கத்து வயலில் கன்றுகள் இடுப்பளவு உயரம்.

சூடான மேட்டில் அந்தப் புழு பிழைக்காது. ஆறிய, ஈரமான, ஆள் தொடாத மேடுதான் அதற்கு மாளிகை. வாயுக் கணக்கு தொடாதே என்கிறது, வண்டுக் கணக்கு கிளறிக்கொண்டே இரு என்கிறது. முட்டையிலிருந்து வண்டாக அதற்கு நாலைந்து மாதமாவது வேண்டும் என்பதைப் பிடித்துக்கொண்டோம். அறுபதாம் நாள் ஒரே ஒரு தடவை மேட்டைச் சலித்து, புழுவைப் பொறுக்கிக் கோழிக்குப் போட்டுவிட்டு, எருவைக் கூரைக்கடியில் முழங்கால் உயரத்துக்கு மெல்லப் பரப்பிக் காயவிடுகிறோம். மெல்லிய பரப்பில் காற்றில்லாத நடுப்பகுதி என்று ஒன்று இருக்காது, அதனால் அந்த ஒரு கிளறல் பெரிதாகக் கெடுக்காது என்பது என் கணிப்பு. தொண்ணூறு நாளுக்குள் பைக்குள் போய்விடும். முழு வெறுங்குலையாகக் கிடக்கும் அடி மெத்தையையும் ஒவ்வொரு தடவையும் எடுத்து அடுத்த மேட்டின் நடுவில் போடுகிறோம், சூட்டில் வெந்து போகட்டும் என்று.

அக்டோபரில் நிலைமை

வாயுமானி எங்களிடம் கிடையாது. கையில் இருந்தது வெப்பமானி, மூக்கு, பிடித்துப் பிழியும் கை, அப்புறம் ஒரு பச்சைப்பயறுப் பரிசோதனை. எருவை ஊறவைத்த நீரில் இருபது பயறு: பிப்ரவரி எருவில் பதினொன்றுதான் முளைத்தது, செப்டம்பர் எருவில் பத்தொன்பது. மேடுகள் இரண்டு வாரத்துக்குக் குறையாமல் 55 டிகிரிக்கு மேல் நிற்கின்றன. கையில் ஒரு பிடி எடுத்து இறுக்கினால் உருண்டை பிடிக்கிறது, விரலிடுக்கில் நீர் சொட்டுவதில்லை. ஜூனுக்குப் பிறகு புகார்க் கடிதம் இல்லை. வேலியை ஒட்டிய வீட்டு மக்சிக் (மலாய்க்கார அம்மா) இப்போது மிளகாய்ச் செடிக்கு எருப்பை கேட்டு வருகிறார், மாமா காசு வாங்குவதில்லை.

குறைத்த வாயுவுக்குக் கார்பன் கிரெடிட் என்ற சான்று பெற்று விற்கலாமே என்று கோயில் வாசலில் ஒரு தம்பி மாமாவைப் பிடித்துக்கொண்டான். 2022 டிசம்பரிலிருந்து கோலாலம்பூர்ப் பங்குச் சந்தையின் கீழ் அதற்கென்று ஒரு சந்தையே இருக்கிறது என்பது சரிதான். ஆனால் எங்கள் 25 டன்னில் பாதி குறைந்தது என்றே வைத்தாலும் பன்னிரண்டரை டன். அதை அளந்து சரிபார்த்துக் கையெழுத்துப் போட ஆள் வந்தால் அவர் பயணப்படிக்கே காணாது. பத்து நூறு களம் சேர்ந்து போனால் வேறு கதை. கோழி எருவில் மிச்சமாகும் காசு மாதாமாதம் கைக்கு வருகிறது, மாமா அதையே நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைக்கிறார்.

சரியாகாதது ஒன்று இருக்கிறது. வடமூலை மேட்டின் ஒரு பக்கம் எப்போதும் 45 டிகிரியைத் தாண்டுவதில்லை. செவலை மாடு ஒன்று இளஞ்சூட்டுக்கு அங்கே வந்து சாய்ந்து உரசி, அடி மெத்தையின் வாயை மிதித்து அடைத்துவிடுகிறது. வேலி போட 300 வெள்ளி (ரிங்கிட்) ஆகும் என்கிறார் மாமா. நவம்பர் மழைக்கு முன் போட்டாக வேண்டும்.